மிரட்டலும் சிரிப்பும் – 9: எரிகிறேன், எரிகிறாய், எரிகிறான்

1940 ஜூன் 22 அன்று பிரான்சு பணிந்து போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டதோடு, நார்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லைவரை ஐரோப்பாவின் மேற்குக் கரை முழுவதும் ஹிட்லரின் படைகள் வசமாயிற்று. எஞ்சியிருந்த பிரிட்டனுக்கும் அப்படைகளுக்கும் நடுவே, மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டரே அகலமுள்ள ஆங்கிலக் கால்வாய் ஒன்றுதான் தடையாகக் கிடந்தது.

எங்கு பார்த்தாலும் ஜெர்மானிய ஒற்றர்கள் இருப்பதாகப் பீதி பரவியிருந்த அந்நாட்டில், டாமி ஹேண்ட்லியின் வானொலி நகைச்சுவை நிகழ்ச்சி அந்தப் பீதியையே 'ஃபுன்ஃப்' என்ற அசட்டு ஒற்றனாக உருமாற்றியதையும், ஜாக் டிரெய்ன் என்ற நடிகர் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் பேசி அந்த ஒற்றனுக்குக் குரல் கொடுத்ததையும் சென்ற பகுதி விவரித்தது. ஜூலை 19 முதல் செப்டம்பர் 7 வரையான ஐம்பது நாட்களே இந்தப் பகுதியின் களம். மிரட்டுகிறவனும் சிரிக்க வைத்தான், மிரட்டப்பட்டவர்களும் சிரித்தார்கள் என்பதே இந்த ஐம்பது நாட்களின் தனித்தன்மை. அவ்விரு சிரிப்பும் ஒன்றல்ல.

ஒரு மணி நேரத்துக்குள் வந்த மறுமொழி

ஜூலை 16 அன்று ஹிட்லர் பிறப்பித்த 16-ஆம் எண் ஆணை, இங்கிலாந்தின் மீது படையிறங்குவதற்கான ஆயத்தங்களைத் தொடங்கச் சொன்னது. 'கடற்சிங்கம்' என்பது அத்திட்டத்தின் மறைபெயர். மூன்று நாட்கள் கழித்து, பெர்லினில் நாடாளுமன்றம் கூடிய குரோல் இசைநாடக அரங்கில், பன்னிரண்டு படைத்தலைவர்களுக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டத்தை ஒரே நாளில் வழங்கிய கையோடு, தோற்றவனாக இரந்து கேட்கவில்லை, வென்றவனாக அறிவுக்கு முறையிடுகிறேன் என்ற பொருள்படப் பேசி அவர் பிரிட்டனைச் சமாதானத்துக்கு அழைத்தார். அழைப்புக்குள்ளேயே அச்சுறுத்தலும் இருந்தது. போர் தொடர்ந்தால் ஒரு பேரரசு அழியும் என்றும், துன்பம் மக்களுக்குத்தான், சர்ச்சில் அதற்குள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்றும் அவர் எள்ளினார்.

பிரிட்டிஷ் அரசு என்ன சொல்லப்போகிறது என்று உலகத் தலைநகரங்கள் காத்திருந்த வேளையில், ஒரு மணி நேரத்துக்குள் பிபிசியின் ஜெர்மன் ஒலிபரப்பிலிருந்து மறுமொழி கிளம்பிவிட்டது. அதைச் சொன்னவர் அமைச்சரோ தூதரோ அல்லர். அன்றுதான் முதன்முறையாக அந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்த செஃப்டன் டெல்மர் என்ற பத்திரிகையாளர். உங்கள் அழைப்பை அப்படியே உங்கள் நாற்றமடிக்கும் பல்லின் மேலேயே திருப்பி எறிகிறோம் என்பது அவர் ஜெர்மன் மொழியில் சொன்னதன் சாரம்.

டெல்மர் 1904-இல் பெர்லினிலேயே பிறந்தவர். ஆஸ்திரேலியரான அவர் தந்தை அந்நகரில் பேராசிரியராக இருந்ததால், பெர்லின் தெருவில் புழங்கும் ஜெர்மன் அவருக்கு நாக்கில் ஊறியிருந்தது. 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழின் செய்தியாளராக 1932 தேர்தலில் ஹிட்லரின் விமானத்திலேயே உடன் பறந்தவர். 1933-இல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த இரவில் ஹிட்லருடன் உள்ளே நடந்தவர். தாம் பேசும் ஆளை அருகிலிருந்து அறிந்த ஒருவரின் வசையாக அது இருந்ததால்தான் அத்தனை கூர்மையோடு போய்த் தைத்தது.

அவருக்கு அரசின் ஒப்புதல் இல்லை. யாரிடம் கேட்டு இப்படிப் பேசினார்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் அரசின் முறையான மறுப்பை ஜூலை 22 அன்றுதான் வானொலியில் அறிவித்தார். ஆயினும் முடிவு இரண்டிலும் ஒன்றே. சமாதானக் கதவு சாத்தப்பட்டதை ஒரு பத்திரிகையாளரின் வாய்த்துடுக்கு மூன்று நாள் முன்னதாகவே அறிவித்துவிட்டது.

வாய்ப்பூட்டு

மிரட்டலை எதிர்கொள்ளும் அரசுகள் முதலில் தங்கள் மக்களின் வாயைத்தான் அடைக்கப் பார்க்கின்றன. பிரிட்டனும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. பீதியையோ சோர்வையோ பரப்பும் பேச்சைக் குற்றமாக்கும் விதி ஒன்று ஜூன் மாதத்தில் வந்தது. தேநீர்க் கடையிலும் மதுவிடுதியிலும் வாய்விட்டுப் பேசியவர்கள் அதன்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டம் கட்டினர், சிலர் சிறைக்கும் போயினர்.

ஜூலை 11 அன்று தகவல்துறை அமைச்சர் டஃப் கூப்பர் 'மௌனப் படை' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். வாயை மூடிக்கொள்வதும், வதந்தி பேசுவோரை வாயடக்குவதுமே அந்தப் படையின் வேலை. எல்லாம் தெரிந்த ஐயா, உளறுவாய்ச் செல்வி, தேநீர்க்கோப்பையின் மேல் கிசுகிசுக்கும் அம்மணி, எப்போதும் முகம் தொங்கிய ஐயா எனச் சில கற்பனைப் பாத்திரங்களை விளம்பரங்களில் உலவவிட்டு, இவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள் என்று அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. சிரிப்புப் படங்கள்தாம் அவை. ஆனால் மேலிருந்து கீழ்நோக்கி வந்த சிரிப்பு. அண்டை வீட்டாரை வேவு பார்க்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டை மக்கள் வெறுத்தார்கள். மக்களின் மனநிலையை அறிய வீடுவீடாகச் சென்ற அரசின் கருத்தாய்வாளர்களைக் கூப்பரின் பெயரோடு சேர்த்து 'கூப்பரின் மோப்பக்காரர்கள்' என்று பத்திரிகைகள் எதுகை பிடித்துக் கேலி செய்தன.

இந்தத் தொடரின் பெரிய திருப்பங்களுள் ஒன்று, ஓசையின்றி ஜூலை 23 அன்று நிகழ்ந்தது. மௌனப் படை இயக்கம் தன்னளவில் வழக்கொழிந்துவிட்டது என்று சர்ச்சில் மக்களவையில் அறிவித்தார். படையெடுப்பு எந்த நாளும் நிகழலாம் என்றிருந்த நேரத்தில், தன் குடிமக்களின் கேலிக்கு இணங்கி ஓர் அரசு தன் வாய்ப்பூட்டைத் தானே கழற்றிக்கொண்டது. அந்தப் பூட்டு அப்படியே கிடந்திருந்தால், பின்னால் வந்த குண்டுமழையின் இரவுகளில் அந்நாட்டு மக்கள் அரசின் சொல்லை நம்பியிருப்பார்களா என்பது ஐயமே.

அதே நாட்களில்தான் உள்ளூர்த் தற்காப்புத் தொண்டர் படைக்கு ஊர்க்காவல் படை என்று பெயர் மாறியது. மே 14 அன்று ஆந்தனி ஈடன் வானொலியில் அழைப்பு விடுத்ததும், படையில் சேர இயலாத வயதினர் முதல் பள்ளி முடித்த இளைஞர் வரை காவல் நிலையங்களின் முன் வரிசையில் நின்றனர். துப்பாக்கி இல்லாததால், எழுத்துப் பொறித்த கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு வேட்டைத் துப்பாக்கியோடும் தடியோடும் காவல் சுற்றினர். எல், டி, வி என்ற அதன் மூன்று தலைப்பெழுத்துகளுக்கு 'பார், பதுங்கு, மறைந்துபோ' என்று மக்கள் விரிவு சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலரும் அந்தக் கைப்பட்டையை அணிந்திருந்தவர்களே.

அந்த வாரங்களின் கேலிச்சித்திரங்களில் ஒன்று இந்திய வாசகரைத் தனியே நிறுத்தும். 'பஞ்ச்' இதழில் ஜூலை 17 அன்று ஃபூகாஸ் வரைந்த அந்தச் சித்திரத்தில், நம் பேரரசு உலகில் தனித்துவிட்டதே என்று ஒருவர் வருந்த, ஆமாம், ஐம்பது கோடிப் பேரும் தனித்துத்தான் விட்டோம் என்று மற்றவர் மறுமொழி சொல்வார். அந்த ஐம்பது கோடியில் பெரும்பகுதியினர் இந்தியத் துணைக்கண்டத்து மக்கள். அவர்களுடைய தலைவர்களைக் கலந்துகொள்ளாமலேயே 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் இறக்கியிருந்தார்; அதை எதிர்த்துச் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி விலகியிருந்தது. லண்டனுக்குத் துணிவூட்டிய ஒரு வேடிக்கையில் சென்னை அதன் ஒப்புதல் கேட்கப்படாமலே கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

வானொலியில் ஓர் ஆங்கிலப் பாடம்

டெல்மர் தம் இரண்டாவது வேலையை இப்போது தொடங்கினார். கால்வாயின் மறுகரையில் படகேறக் காத்திருந்த ஜெர்மானிய வீரர்களுக்கு, நீங்கள் எங்கள் நாட்டுக்கு வருவதற்குமுன் சில ஆங்கிலத் தொடர்களைக் கற்றுக்கொள்வது நல்லது என்று சொல்லி, வாத்தியார் பாடம் நடத்தும் தொனியில் ஜெர்மன் ஒலிபரப்பில் ஆங்கிலப் பாடம் நடத்தினார். படகு மூழ்குகிறது என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது, தண்ணீர் குளிர்கிறது என்பதற்கு என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு இலக்கணம். ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடத்திலும் அது எப்படித் திரியும் என்று ஓதுவித்தார்: நான் எரிகிறேன், நீ எரிகிறாய், அவன் எரிகிறான். அத்தோடு நில்லாமல், படையணித் தலைவரும் நன்றாகவே எரிகிறார் என்று எடுத்துக்காட்டு ஒன்றையும் சேர்த்தார். மொழிப்பாடம் படித்த எவருக்கும் பழகிய அந்த வாய்பாட்டின் ஓசையே, வினைச்சொல்லின் பொருள் மண்டைக்குள் இறங்கும்போது நெஞ்சை உறைய வைக்கிறது.

எரிதல் என்ற வினையை டெல்மர் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பிரிட்டன் கடலுக்கே தீவைக்கும் என்ற வதந்தியைப் பிரிட்டனின் மறைமுகப் பரப்புரைத் துறையினர் நடுநிலை நாடுகளின் வழியாகத் திட்டமிட்டுக் கசியவிட்டிருந்தனர். அதற்கு ஓர் அடிப்படையும் இருந்தது. ஜூலையில் அமைக்கப்பட்ட பெட்ரோலியப் போர்த் துறை, தெற்குக் கரையில் டிச்ஃபீல்டு என்ற ஊருக்கருகே, லாரித் தொட்டிகளிலிருந்து குழாய் வழியே கடல்நீரின் மேல் எண்ணெயைப் பாய்ச்சித் தீமூட்டி, ஆகஸ்ட் 24 அன்று நீர்ப்பரப்பின் மேல் ஒரு நெருப்புச் சுவரையே எழுப்பிக்காட்டியது. ஆனால் ஒரு நாட்டின் கரை முழுவதற்கும் அப்படிச் செய்வதற்கான குழாய்களும் எண்ணெயும் அப்போது இல்லை. உண்மையில் கொஞ்சமும் அச்சத்தில் மிகுதியுமாக எரிந்த அந்தக் கடலை, டெல்மரின் நகைச்சுவை ஜெர்மானிய வீரர்களின் கற்பனைக்குள் கொண்டுசென்று சேர்த்தது. கையில் ஆயுதம் குறைந்திருந்த நாட்டுக்கு ஒரு சொல் ஆயுதமாக உழைத்த நேரம் அது.

ஆகஸ்ட் 24, அதே இரவு

டிச்ஃபீல்டில் கடல் எரிந்த அதே ஆகஸ்ட் 24-ஆம் நாள் இரவில், ஜெர்மானிய விமானங்கள் லண்டன் நகரின்மேல் குண்டுகளைப் போட்டன. அவை இலக்குத் தவறி விழுந்தவை. அப்போதுவரை லண்டனைத் தாக்க ஹிட்லர் அனுமதி தந்திருக்கவில்லை. மறுநாள் இரவே சர்ச்சிலின் ஆணைப்படி ஏறத்தாழ 80 பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினை நோக்கிப் பறந்தன. மேகம் மூடியிருந்ததால் சேதம் சொற்பம். ஆனால் ஆகஸ்ட் 28 இரவில் வந்த தாக்குதலில் பெர்லின் நகருக்குள் 10 பேர் மாண்டனர்.

விமானப் படைத் தலைவர் ஹெர்மன் கோரிங், எதிரி விமானம் ஜெர்மனிக்குள் நுழைந்தால் தம்மை 'மையர்' என்று அழைக்கலாம் என முன்பு வாய்ச்சவடால் அடித்திருந்தார். மையர் என்பது அங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தபோதெல்லாம் பெர்லின் மக்கள் அதை 'மையரின் வேட்டைக்கொம்பு' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளத் தொடங்கினர். வாய்விட்டு அல்ல, காதோடு காதாக. ஜெர்மன் மொழியில் இத்தகைய வேடிக்கைக்குக் 'கிசுகிசு நகைச்சுவை' என்றே தனிப்பெயர் ஏற்பட்டிருந்தது.

ஸ்போர்ட்பாலாஸ்ட், செப்டம்பர் 4

பெர்லினின் ஸ்போர்ட்பாலாஸ்ட் என்பது விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட பெருங்கூடம். செப்டம்பர் 4 அன்று அங்கே கூடியிருந்தவர்கள் போர்வீரர்களோ கட்சித் தொண்டர்களோ அல்லர்; பெரும்பாலும் செவிலியர்களும் சமூகநலப் பணியாளர்களுமான பெண்கள். ஏழைகளுக்குக் குளிர்காலத்தில் உணவும் உடையும் விறகும் திரட்டித் தரும் 'குளிர்கால உதவி' இயக்கத்தின் தொடக்க விழா அது. நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கைகள் அவை.

ஹிட்லர் அன்று வழக்கமான சீற்றத்தோடு தொடங்கவில்லை. கேலியில் தொடங்கினார். பிரிட்டிஷ் அமைச்சர்களை ஒவ்வொருவராக எள்ளினார். டஃப் கூப்பரைப் பவேரியப் பேச்சுவழக்கில், பதறி அலையும் கிழட்டுக் கோழி என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார். கூடம் சிரித்தது. சொந்த நாட்டு மக்களே கேலி செய்த அதே அமைச்சரைத்தான் பகைவரும் கேலி செய்தார். ஆயினும் பிரிட்டிஷ் மக்களின் கேலி ஓர் அடக்குமுறையை விலக்கச் செய்தது, ஹிட்லரின் கேலி ஒரு படுகொலைக்கு முன்னுரையாக அமைந்தது.

இங்கிலாந்தில் எல்லோரும் ஆவலோடு கேட்கிறார்கள், அவர் ஏன் இன்னும் வரவில்லை என்று. பொறுத்திருங்கள், வருகிறார், வருகிறார் என்று தம்மைத்தாமே படர்க்கையில் வைத்து ஹிட்லர் சொன்னபோது கூடம் மறுபடியும் சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் எண்கள் வந்தன. பிரிட்டிஷ் விமானங்கள் 2,000, 3,000, 4,000 கிலோ குண்டு போட்டால், தாங்கள் ஒரே இரவில் 1,50,000 கிலோவில் தொடங்கி 4,00,000 கிலோ வரை போடுவோம் என்று ஏலம் கூறுவதுபோல் எண்களை ஏற்றிக்கொண்டே போனார். அவர்கள் நகரங்களை அழித்துத் துடைத்துவிடுவோம் என்றார்.

அந்த இடத்தில் எழுந்த ஆரவாரத்தில், அவர் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டியதாயிற்று என்று பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கச் செய்தியாளர் வில்லியம் ஷைரர் பதிவு செய்திருக்கிறார். நகரங்கள் என்றால் மருத்துவமனைகளும் தொட்டில்களும் அடங்கியவை என்பதை அந்தக் கூடத்தில் இருந்தவர்களைவிட நன்கறிந்தவர்கள் எவரும் இலர். அவர்களைக் கைதட்டச் செய்தது வெறுப்பு மட்டுமன்று. சற்றுமுன் அவர்கள் சிரித்திருந்தார்கள். சிரித்த நெஞ்சில் காவல் தளர்ந்திருந்தது. அந்தத் திறந்த வாசல் வழியாகவே கொலைச்சொல் உள்ளே நுழைந்தது. வன்முறைப் பேச்சின் வரலாற்றில் செப்டம்பர் 4 தனியிடம் பெறுவது இதனால்தான்.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. ஸ்போர்ட்பாலாஸ்டில் எழுந்தது பிறரை இழித்துப் பிறக்கும் எள்ளல். லண்டனில் 'பார், பதுங்கு, மறைந்துபோ' என்றவர்கள் சிரித்ததோ தங்கள் பேதைமையைக் கண்டு. முன்னதற்கு ஒரு பலியாள் தேவை. பின்னதில் சிரிப்பவனும் சிரிக்கப்படுபவனும் ஒருவனே.

ஜெர்மானியர்களுக்குத் தங்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாது என்று கொள்வது பெரும் பிழை. அரசையோ கட்சியையோ பழித்துப் பேசுவதைத் தண்டிக்கும் சட்டம் 1934 டிசம்பர் 20 முதல் அங்கே நடப்பில் இருந்தது. போர் முற்ற முற்றத் தண்டனை தூக்குமரம் வரை போயிற்று. மேடையிலும் திரையிலும் மக்களைச் சிரிக்கவைத்த நடிகர் ராபர்ட் டோர்சே, ஹிட்லரைப் பற்றிச் சொன்ன வேடிக்கைகளுக்காகவும் ஒரு கடிதத்தில் எழுதிய கசப்பான வரிகளுக்காகவும், 'போர்வலிமையைக் குலைத்தல்' என்ற குற்றத்தின்கீழ் 1943 அக்டோபரில் பெர்லின் புளோட்சன்சே சிறையில் கொல்லப்பட்டார். மேடையில் நின்ற ஹிட்லரின் கேலிக்குக் கைதட்டல் கிடைத்த நாட்டில், அவரையே கேலி செய்தவருக்குக் கிடைத்தது அது.

செப்டம்பர் 7, மாலை

இதற்கிடையே உண்மையான ஒற்றர்கள் வந்துவிட்டிருந்தனர். செப்டம்பர் 3 விடியலில் கென்ட் கரையில் இறங்கிய நால்வரில் ஒருவர், காலையில் லிட் என்ற சிற்றூரின் மதுவிடுதிக்குள் நுழைந்து ஆப்பிள் மது கேட்டார். காலை வேளையில் மது விற்க அன்றைய சட்டம் இடம் தரவில்லை என்பது அந்நாட்டில் குடிப்பவர் எவருக்கும் தெரிந்திருந்த செய்தி. அது தெரியாமல் கேட்டதே அவரைக் காட்டிக்கொடுத்தது. ஃபுன்ஃபின் அசட்டுத்தனத்தைக் கேட்டுச் சிரித்த ஊரில், ஃபுன்ஃபே நேரில் வந்து நின்றது போன்ற நிகழ்ச்சி அது. ஆனால் அந்த நால்வரில் மூவர் டிசம்பரில் தூக்கிலிடப்பட்டனர். கதையின் முடிவில் சிரிக்க எதுவும் இல்லை.

பிடிபட்ட ஒற்றர்கள், மறுகரைத் துறைமுகங்களில் நாளுக்கு நாள் பெருகிய தட்டைப் படகுகளைக் காட்டிய வான்படங்கள், செப்டம்பர் 8 முதல் 10 வரை படையிறங்கத் தோதாக அமைந்திருந்த நிலவும் ஓதமும் ஆகிய மூன்றும் படையெடுப்பு நெருங்கிவிட்டது என்ற ஒரே முடிவைச் சுட்டின. செப்டம்பர் 7 சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல், ஏறத்தாழ 350 குண்டுவீச்சு விமானங்களும் அவற்றுக்குத் துணையாக 600-க்கும் மேற்பட்ட போர் விமானங்களும் தேம்ஸ் ஆற்றின் வழியே லண்டனை அடைந்தன. துறைமுகக் கிடங்குகள் பற்றி எரிந்தன. மூன்று நாள் முன்பு கூடத்தில் சிரிப்போடு எண்ணப்பட்ட கிலோக்கள் கிழக்கு லண்டனின் தொழிலாளர் தெருக்களில் இறங்கின. அன்று மட்டும் மாண்டவர்கள் சுமார் 430 பேர்.

அன்று இரவு 8.07 மணிக்கு உள்நாட்டுப் படைத் தலைமையகம் தென்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் ஒற்றைச் சொல்லை அனுப்பியது: 'குரோம்வெல்'. படையெடுப்பு அண்மித்துவிட்டது, ஆயத்தமாகுங்கள் என்பதே அச்சொல்லுக்குக் குறித்து வைத்திருந்த பொருள். ஆனால் அதைப் பெற்ற ஊர்க்காவல் படையினர் பலர், பகைவர் கரையிறங்கிவிட்டனர் என்றே புரிந்துகொண்டனர்.

தேவாலய மணிகளை வேறெதற்கும் அடிக்கலாகாது, வான்வழியே எதிரி இறங்கினால் மட்டுமே அடிக்கலாம் என்று ஜூன் 13 அன்று ஆணை பிறந்திருந்தது. ஏறத்தாழ மூன்று மாதமாகக் கயிறு தொடப்படாத அந்த மணிகள், அன்றிரவு சில ஊர்களில் ஒலிக்கத் தொடங்கின. வருகிறார், வருகிறார் என்று பெர்லினில் சொல்லப்பட்ட சொல் மெய்யாகிவிட்டதா? கைப்பட்டையும் வேட்டைத் துப்பாக்கியுமாக இருட்டில் கடற்கரைக்கு விரைந்தவர்கள், அங்கே எதைக் கண்டார்கள்?

(தொடரும்)